கேக்கில் பதிந்த துண்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால், மும்பையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம். செம்பூரில் கேக் செய்கிறவரின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, என் மகளின் கல்யாண கேக்குக்கு என்ன டிசைன் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருந்தால், கேக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆளுக்கு ரெண்டு லட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு அப்போதே கிளம்பியிருப்பேன்.

நான் தாராவிக்காரி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சந்து, ஒரே வீடு. கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. என் வீட்டுக்காரர் பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். மகளின் கல்யாணத்துக்கு முந்தின வருடம், காலையில் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனவர் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பிரயோசனம்?

அன்றைக்கென்று பார்த்து அவர் தன் துண்டை வீட்டிலேயே மறந்து விட்டுப் போயிருந்தார். வெள்ளைத் துண்டு. நெசவிலேயே சின்னச் சின்னக் கட்டமாகக் குழி விழுந்திருக்கும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் வாங்கிவரச் சொல்வார். தோல் வாடை, பசை வாடை, தேங்காய் எண்ணெய், வேர்வை எல்லாம் அதில் ஊறிக் கிடக்கும். அவர் இருந்த காலத்தில் அந்தத் துண்டால் எங்களுக்குள் சண்டை வராத நாளே கிடையாது. நாறுகிறது, கழற்றிப் போடுங்கள் என்று நான் ஒரு முனையைப் பிடித்து இழுப்பேன். இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று அவர் மறுமுனையைப் பிடித்து இழுப்பார். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். எனக்கு அப்படி ஒரு வாய்.

அடக்கம் முடிந்த கையோடு என் நாத்தனார்கள் அவருடைய சட்டை, வேட்டி, பேன்ட் எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். நான் கிடந்த கிடையில் எதையும் கவனிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துண்டு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் ஊருக்குப் போன பிறகு கதவைச் சாத்தும்போதுதான் அதைப் பார்த்தேன். கையில் எடுத்ததுமே, அவர் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு, மேல் அறை பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மகள் வாஷியில் ஆபீசுக்குப் போன பிறகு எடுத்து முகர்ந்து பார்ப்பேன். அடிக்கடி இல்லை. திறக்கத் திறக்க வாசனை போய்விடுமே என்ற பயம். கஞ்சத்தனமாகச் செலவழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனின் அழுக்குத் துண்டை மோந்து பார்க்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சில சமயம் அந்தப் பையில் என்னுடைய ஒற்றை முடிச்சுக்குப் பதிலாக இரட்டை முடிச்சு இருக்கும். அதற்குள் மறதி வந்துவிட்டதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

கேக் செய்கிறவரை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவில் வளர்ந்தவர். பேங்க் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறார். அதுவும் முட்டை போடாத கேக். எங்கள் கிறிஸ்தவ ஜனங்கள் முட்டை போடாததைக் கேக்காகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் மகள் ஆபீசில் யாருடைய பிறந்த நாளுக்கோ அவர் செய்ததைத் தின்றுவிட்டு, செய்தால் இந்த ஆன்ட்டிதான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாமியின் சமையலறைக்குள் நுழைவதே பெரிய பாடு. செருப்பை லிஃப்ட் பக்கமே விட வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தலையில் துணித் தொப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் தோற்றுவிடும்.

மகளுக்கு ஒரே ஒரு ஆசை. கேக்கில் எப்படியாவது அவள் அப்பா இருக்க வேண்டும். சர்க்கரைத் தாளில் போட்டோவை அச்சடித்து மேலே ஒட்டலாமாம். அப்படி நிறையப் பேர் செய்கிறார்களாம். மாமி மெதுவாக, "அப்பா மூஞ்சி மேல கத்தி வெக்கணுமேம்மா, உனக்கு மனசு வருமா?" என்று கேட்டார். மகளின் முகம் செத்துப்போயிற்று.

அவளைத் தேற்றத்தானோ என்னவோ, மாமி தன் சாமான்களை எல்லாம் எடுத்துப் பரப்பினார். கேக்கின் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். சப்பாத்திக்கு இடுகிற மாதிரிப் பெரிதாக இட்டு, கேக்கின் மேல் போர்த்திவிடுவார்கள். அது காய்வதற்குள் எதை வைத்து அழுத்தினாலும் அச்சு அப்படியே விழுந்துவிடும். பூ வெட்டிய உருளைக் கட்டையை ஓட்டிக் காட்டினார், கொடியும் பூவுமாக எழும்பி வந்தது. சீப்பின் பல்லை வைத்து இழுத்தார், வரி வரியாக விழுந்தது. அலுமினியத் தாளைக் கசக்கி ஒற்றினார், பாறை மாதிரி ஆனது. பிரம்புத் தட்டை அழுத்தியபோது கூடைப் பின்னல் வந்தது. மகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

துணியை வைத்தாலும் விழுமா என்று கேட்டாள். பேஷாக விழும், நூல் நூலாகத் தெரியும் என்றார் மாமி. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா துண்டு?" என்றாள்.

துண்டு பீரோவில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஏதோ ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் என்று இருந்தேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அப்பா இல்லாத கல்யாணத்தில் அப்பாவின் துண்டையாவது கொடு என்று கேட்கிற பெண்ணிடம் என்னவென்று சொல்வேன்? சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். மழைக்குப் பயந்து பைக்குள் பை, அதற்குள் பை. பத்திரம் மாமி, பத்திரம் மாமி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கவலையே படாதீங்கோ, பட்டுப் புடவை மாதிரிப் பாத்துக்கறேன் என்றார். துவைத்துவிடாதீர்கள் என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஹாலில் மாமியின் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று மாமி கேட்டால், ஒரு ஆம்பிளை காதில் விழ, என் வீட்டுக்காரருடைய வாசனை அதில் இருக்கிறது மாமி என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. துணியை மாவு மேல் வைத்துக் கட்டையால் ஒரு ஓட்டு ஓட்டப் போகிறார், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு பேர் தின்கிற பண்டத்தில் வேர்வைத் துண்டை அப்படியே வைத்து யாராவது அழுத்துவார்களா? என்னிடம் கொடுத்திருந்தால் நானே முதலில் வாளியில் முக்கியிருப்பேன். அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கேக்கை ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் என்று மாமி போன் செய்தார். வீட்டில் ஊர் ஜனம் நிறைந்திருந்தது. மகளுக்கு மெஹந்தி போடுகிற பெண் வந்திருந்தாள். நான் மட்டும் போனேன்.

ஏசி போட்ட அறையில் கேக் இருந்தது. பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பூ இல்லை, ஜிகினா இல்லை. கீழிருந்து மேல் வரை வெள்ளை, அது முழுக்க அந்தச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவர் தோளையே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில், எப்போதோ ஆணியில் மாட்டிக் கிழிந்ததை நான் ஊசி நூலால் இழையோட்டியிருந்தேன். என் கோணல் தையல் முதற்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பதிந்திருந்தது. மாமி அந்த இடத்தைக் காட்டி, பின்பக்கமாகத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது முன்னாலேயே இருக்கட்டும் என்றேன். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் அதுவும் பதிந்துவிடும் என்றார். ஒரே அழுத்து, கை நகர்ந்துவிட்டால் கட்டம் ரெட்டையாகிவிடும், இந்த மழை ஈரத்தில் மாவு வேர்த்துவிடாமல் காப்பாற்றுவதற்குள் உயிர் போய்விட்டது என்றெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் ஒரு புதுப் பையை என் கையில் கொடுத்தார்.

"வெந்நீர்ல நன்னா அலம்பி, இஸ்திரியும் போட்டுட்டேன். கறை இருந்துது, அதுவும் போயிடுத்து" என்றார்.

பைக்குள் துண்டு மொடமொடவென்று மடிந்து கிடந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது. அவரை இரண்டாம் தடவை அடக்கம் செய்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த நேரத்தில் ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. தாராவிக்காரன் துண்டு, தோல் வேலை செய்தவன் துண்டு என்றுதானே இந்தத் தேய்ப்புத் தேய்த்திருக்கிறாள் என்று உள்ளே கொதித்தது. நிமிர்ந்து பார்த்தால், பால்கனிக் கொடியில் வேறு யாரோ அச்செடுக்கக் கொடுத்திருந்த ஒரு பச்சைக் குழந்தையின் ஸ்வெட்டரும், லேஸ் துணியும் அதே மாதிரி அலசிக் காயப்போட்டுக் கிடந்தன. என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. ரொம்ப நன்றி மாமி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மழைக்கு ஜன்னலெல்லாம் அடைத்திருந்த பஸ்ஸில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். துண்டின் மடிப்பு, மூலை, இழையோட்டிய இடம் என்று ஒன்று விடாமல் மோந்து பார்த்தேன். ஒரு துளி, ஒரே ஒரு துளி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா? பக்கத்து சீட் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். எலுமிச்சை, எலுமிச்சை, எங்கே பார்த்தாலும் எலுமிச்சைதான்.

வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைச் சரி பண்ணிக்கொண்டேன். நாளைக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள், அதுவும் புருஷனை இழந்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, பீரோவில் வைத்துவிடலாம் என்று ஏணியில் ஏறினேன். மேலே மகள் தனியாக ஃபேனுக்கடியில், இரண்டு கையிலும் மெஹந்தியோடு விரலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேக் எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பையைத்தான் பார்த்தாள்.

"துண்டு வந்துட்டா? பிரிம்மா" என்றாள்.

பிரித்து நீட்டினேன். கை இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முகத்தைத் துண்டுக்குள் புதைத்தாள். அப்படியே இருந்தாள். பிறகு வேகமாக இன்னொரு பக்கம் முகத்தைத் திருப்பி முகர்ந்தாள். பஸ்ஸில் நான் செய்த அதே காரியம். நிமிர்ந்தபோது அவள் கண் அலைந்தது.

"சோப்பு வாசம்லா வருதும்மா" என்றாள்.

மாமி துவைத்துவிட்டார் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். எனக்கு அந்த இரட்டை முடிச்சு ஞாபகம் வந்தது.

"ஏட்டி, நீயும் மோந்து பாப்பியா?"

தலையை ஆட்டினாள். "நீ ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறப்ப" என்றாள்.

அப்பா செத்த அன்றைக்கு அழாத பெண் அவள். அடக்கத்தன்றும் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி, ஆபீஸ் போகிற திமிர் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், என் மனசின் ஒரு மூலையில் நானும் அப்படி நினைத்திருக்கிறேன். அன்றைக்கு உடைந்தாள். கீழே கேட்டுவிடக் கூடாதென்று வாயைத் திறக்காமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். கையில் மெஹந்தி, கண்ணைத் துடைக்க வழியில்லை. நான்தான் துடைத்தேன். அந்தத் துண்டாலேயே துடைத்தேன். இனி அதைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப் போகிறது?

துவைக்காதீர்கள் என்று நீயாவது ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தது நான் என்பதுகூட அப்போது மறந்துவிட்டது.

"சொன்னா நான் மோந்து பாக்கறது ஒனக்குத் தெரிஞ்சிரும்லா? நீ ஒடஞ்சிருவன்னு நெனச்சேன்" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஊரே பயப்படுகிற வாய், அன்றைக்கு வரவில்லை. கீழேயிருந்து யாரோ உப்பு எங்கே இருக்கிறது என்று கத்தினார்கள். எழுந்து போனேன்.

மறுநாள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. ஹாலில் கேக்கைக் கொண்டுவந்து வைத்ததும், முட்டை இல்லாத கேக்கா என்று முனகியவர்கள்கூடக் கிட்டே வந்து பார்த்தார்கள். பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மட்டும் விலகாமல் அதைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையை நீட்டி, தொடாமல், கட்டத்துக்கு மேலாகவே விரலை ஓட்டி, "அண்ணாச்சி துண்டுல்லா இது" என்றார். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை.

மகள் இழையோட்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து வெட்டினாள். முதல் துண்டு கேக்கை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததை என் வாயில் வைத்தாள். வாய்க்குள் கட்டங்கள் கரைந்தன. இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த மாமி, எப்படி இருக்கிறதோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரே வந்து நின்ற மாதிரி இருக்கிறது மாமி என்றேன். அது பொய்யில்லை. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். துவைத்ததில் வாசனை போனதை மாமியிடம் சொல்லக் கூடாது என்று அப்போதே இருவரும் கண்ணாலேயே பேசி முடித்துவிட்டோம். இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர் கேக் கொடுத்துவிடுகிறார், நான் முறுக்குச் சுட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

இழையோட்டிய இடம் பதிந்த அந்தத் துணுக்கை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மகள் வாஷியில் புருஷன் வீட்டிலிருந்து முதல் தடவை வந்தபோது எடுத்துக் காட்டினேன். வெளியே எடுத்துவைத்த கொஞ்ச நேரத்திலேயே மாவு வேர்க்க ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டங்கள் ஒவ்வொன்றாக மழுங்கி, என் கோணல் தையலும் மறைந்து, வெறும் வெள்ளைச் சர்க்கரையாகப் பளபளத்தது. அவள்தான் டப்பாவைக் கழுவி வைத்தாள்.

துண்டு இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது. பையும் இல்லை, முடிச்சும் இல்லை. மகள் வரும்போது சில நாள் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேசுவாள், நானும் பேசுவேன். அவர் போட்ட சண்டை, அவர் குறட்டை, எல்லாம் பேசுவோம். வாசனை ஒன்றுதான் இல்லை. துவைத்த மாமி மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணும் புருஷனைப் பறிகொடுத்த நானும், ஒரே வீட்டில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அந்த ஒரே துண்டை எடுத்து எடுத்து முகர்ந்திருக்கிறோம். அந்த வாசனை இருந்த காலத்தில், சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு தடவைகூட நாங்கள் அதை முகரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.